வலியும் நோவும்

மயக்க டொக்டர் நிரஞ்சன் றாபியாவின் கேள்வியைக் கேட்டார். மேசையில் கிடந்த பேனையை ஒரு தடவை உருட்டிப் பார்த்தார். பிறகு, "தெரியாதும்மா" என்றார்.

றாபியா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாற்பத்தெட்டு வயதுக்குள் அவள் கண்ட டொக்டர்மார் கொஞ்சநஞ்சமல்ல. அவள் முட்டு வருத்தக்காரி. மாரி காலத்தில் மூச்சு இழுக்கத் தொடங்கினால் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் குடியிருக்கிறவள். அந்த டொக்டர்மார் யாவரும் எல்லாம் தெரிந்தவர்கள். தெரியாத வேளைகளில் குளிசையின் நிறத்தை மாற்றி எழுதினார்களே தவிர, தெரியாது என்று சொல்லி வம்பில் மாட்டிக்கொண்டவர் ஒருவருமில்லை. இந்த மனிதரோ வெள்ளைச் சட்டையும் போட்டு, கழுத்தில் குழாயும் தொங்கவிட்டு, பட்டப்பகல் பதினொரு மணிக்கு, பக்கத்தில் சாட்சிக்கு ஆளிருக்கத்தக்கதாகத் தெரியாது என்கிறார்.

அவள் கேட்டது ஒன்றும் பெரிய கேள்வியில்லை. இடது மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று கொழும்பிலிருந்து கடதாசி வந்துவிட்டது. வருகிற புதன்கிழமை அதை எடுக்கப்போகிறார்கள். எடுத்த பிறகு அது திரும்ப வருமா, வராதா? அவ்வளவுதான்.

சாட்சியாகப் பக்கத்தில் இருந்தவர் அவள் புருஷன் பக்கீர். வவுனியா மன்னார் வீதியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர். ஒட்டுப்போட்ட டியூப்பில் திரும்பக் காற்றுப் போகுமா என்று யாராவது கேட்டால், கேள்வி முடிய முதலே "போகாது" என்று சொல்லிப் பழகியவர். அவருக்கு டொக்டரின் போக்குப் பிடிக்கவில்லை.

"தெரியாதெண்டா வேற ஆரிட்டக் கேக்கிறது, டொக்டர்?"

"யார்கிட்ட கேட்டாலும் இதேதான். உண்மையச் சொல்றவங்களா இருந்தா," என்றார் நிரஞ்சன். "ஆனா ஒரு விசயம் இருக்கு. சொல்லட்டுமா? பொய்யாக்கூட இருக்கலாம்."

"பொய்யெண்டா ஏன் சொல்லுறீங்கள்?"

"உண்மையாவும் இருக்கலாம்னுதான்."

அது 2007ஆம் ஆண்டு மாசி மாதம். ஆளை வெட்ட முதல் உணர்விழக்கச் செய்கிறவரை வவுனியாவில் மயக்க டொக்டர் என்பார்கள். வெட்டுகிறவருக்குத்தான் பேரும் புகழும் வாழைக்குலையும். மயக்குகிறவரை நோயாளி காண்பதும் மறப்பதும் ஒரே நிமிஷத்தில் நடந்துவிடுவதால், அவருக்கு வாழைக்குலை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. நிரஞ்சன் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்றே கிழமை. மெல்லிய ஆள், மேசைக்குப் பின்னால் அவர் இருக்கிறாரா, சட்டைதான் தொங்குகிறதா என்று தூரத்தில் நிற்பவர்களுக்குச் சந்தேகம் வரும்.

"உங்க ஒடம்புக்குள்ள காவல் ஒண்ணு இருக்கும்மா. ரத்தத்தில. கெட்ட அணு எதையாவது கண்டா புடிச்சுக் கொல்றதுதான் அதோட வேல."

"சென்றி," என்றார் பக்கீர்.

"ஆமா, சென்றின்னே வச்சுக்கங்க."

வவுனியாவில் இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பட்டாணிச்சூரிலுள்ள வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பக்கீர் நாலு இராணுவக் காவலரணில் சைக்கிளால் இறங்கி அடையாள அட்டை காட்டுகிறவர்.

"கட்டிய வெட்டி எடுக்கிறப்போ ஒண்ணு ரெண்டு கெட்ட அணு தப்பி ஓடலாம். காவல் முழிச்சிருந்தா புடிச்சிரும். ஆனா வெட்டுற அதிர்ச்சி, நாங்க மூச்சில குடுக்கிற மயக்கக் காஸு, கடும் மருந்து, எல்லாம் சேந்து அந்தக் காவலையும் கொஞ்ச நேரம் தூங்க வச்சிருதோன்னு சில டொக்டர்மாருக்குச் சந்தேகம்."

"இஞ்ச சென்றி நித்திரை கொண்டதை நான் ஒருநாளும் காணேல்லை," என்றாள் றாபியா.

"மருந்து குடுத்தா தூங்கும்மா," என்றார் நிரஞ்சன், சிரிக்காமல்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். மார்பு எடுப்பதற்கு வழக்கமாக முழுதாகத் தூங்க வைப்பார்கள். வேறொரு வழியும் உண்டு. முதுகெலும்பின் ஓரமாக, வரிசையாக ஐந்தாறு இடத்தில் ஊசி போட்டு, அந்தப் பக்க நெஞ்சை மட்டும் மரத்துப்போகச் செய்யலாம். ஆள் அரைத் தூக்கத்தில் இருப்பார். மூச்சு அவர் பாட்டில் போகும். வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் பழைய கோப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது, இந்த ஊசி போட்ட பெண்களுக்குப் புற்றுநோய் திரும்ப வந்தது குறைவாக இருந்ததாம்.

"விறைக்கிற ஊசி! பல்லுப் பிடுங்கேக்க போடுறது," என்று பக்கீர் உற்சாகமானார். "அப்ப அதைப் போடுங்கோவன். ஏன் யோசிக்கிறீங்கள்?"

"நூத்திச் சொச்சம் பேர்தாங்க. சின்னக் கணக்கு. ஊசி போட்டதால வரலையா, வேற ஏதும் காரணமான்னு அவங்களுக்கே நிச்சயமில்ல. அதுக்காக நான் இத சொல்லல. அம்மாவுக்கு முட்டு இருக்கு. தொண்டைக்குள்ள குழாய் விட்டா மூச்சு இறுகிரும்னுதான் எனக்குப் பயம். அதனால இந்த ஊசி நல்லது. அது எனக்குத் தெரியும். மத்தது கெடச்சா லாபம். கெடைக்காட்டி நட்டமில்ல."

எது தெரியும், எது தெரியாது என்று இரண்டையும் வேறுவேறு கோப்பையில் ஊற்றி வைப்பதுபோல அவர் சொன்ன விதம் றாபியாவுக்குப் பிடித்துக்கொண்டது. தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்துக் கலக்கி ஒரே கிளாசில் தருகிறவர்களைத்தான் அவள் இதுவரை கண்டிருக்கிறாள். அதில் தன் புருஷனும் அடக்கம்.

நிரஞ்சன் ஒரு படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு கேள்விகளைத் தொடங்கினார். நீரிழிவு? இல்லை. பிறஷர்? இல்லை. வலிப்பு?

"எனக்கில்லை. என்ர தங்கச்சி ஷமீலாவுக்குத்தான் வலி."

"தங்கச்சிக்கா? எங்க வலி?"

"எங்கயெண்டு சொல்ல? வீட்டில வரும், பள்ளிக்கூடத்தில வரும். ஒருக்கா கலியாண வீட்டில, சாப்பாட்டுச் சஹனுக்கு முன்னால வந்தது."

நிரஞ்சன் பேனையை நிறுத்தினார். பெரிய சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி நாலு பேர் இருக்கையில் வருகிற வலி என்ன வலி என்று யோசித்தார் போலும். வாசலில் இன்னும் பதினேழு பேர் நின்றார்கள். "சரி," என்று எதையோ எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். தங்கள் வீட்டு வருத்தத்தை இவ்வளவு அக்கறையாக விசாரித்த டொக்டரும் இவர்தான் என்று றாபியா அதையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பக்கீர் குசினி வாசலில் நின்று நிலையை விரலால் தட்டினார். அப்படித் தட்டினால் மனதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"இஞ்சேர், ஒரு கதை."

"சொல்லுங்கோ."

"உந்த ஊசி போட்டா நீ முழிச்செல்லோ இருப்பாய்? ஆம்பிளை டொக்டர்மார் நிக்கேக்க… நித்திரையில எண்டா பரவாயில்லை."

"நித்திரையில எண்டா அவங்கட கண்ணும் மூடியிருக்குமோ?"

பக்கீர் யோசித்தார். இந்தக் கோணம் அவருக்குப் புதிது.

"நான் அதைச் சொல்லேல்லை. உனக்கு வெக்கமா இருக்குமெண்டு சொன்னன்."

"இருக்கும்தான். இருந்திட்டுப் போகட்டும். வெக்கப்பட ஆள் மிஞ்சினாத்தானே வெக்கமும்," என்றாள் றாபியா. குரல் கொஞ்சம் தளும்பியது. அதை மறைக்கப் பானை மூடியைத் திறந்து, கொதிக்காத உலையைக் கிண்டினாள். பக்கீர் அதைக் கண்டும் காணாதவராகக் கடைக்குப் போய்விட்டார்.

கடையில் அவர் இந்த விஷயத்தை இரகசியமாக வைத்துக்கொண்டார். அதாவது, வந்தவர்களிடம் மட்டும் சொன்னார். செயின் பூட்ட வந்த ஒருவர், முதுகில் ஊசி போட்டால் சாகும்வரைக்கும் இடுப்பில் நாரி உழைவு நிற்காது என்றார். "சாகும்வரைக்கும் எண்டா நல்லம்தானே, ஒரு நாப்பது வருசம் உழையட்டும்," என்றார் பக்கீர். பிறேக் கட்டை வாங்க வந்தவர் தனக்கு ஹேர்னியா வெட்டியபோது முழுத் தூக்கம்தான் கொடுத்தார்கள் என்றார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்ணச் சொன்னாங்கள். நாலு எண்ணேக்க வாட்டில சோறு வந்திட்டுது." மருந்துக்கடைக்காரர் மட்டும், அப்படி ஒரு ஊசி உலகத்திலேயே இல்லை என்றார். திங்கள் பின்னேரத்துக்குள் மன்னார் வீதி இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. இரண்டு கட்சிக்கும் தெரியாதது எதுவுமிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை றாபியாவை வாட்டில் மறித்து வைத்துக்கொண்டார்கள். சத்திரசிகிச்சை டொக்டர் தங்கராசா பார்வையிட வந்தார். கனத்த உடம்பு, கனத்த குரல், இருபத்தைந்து வருட அனுபவம். பக்கீர் அவரிடமும் கேட்டார்.

"எனக்கு ஆள் அசையாமல் கிடந்தால் சரி," என்றார் தங்கராசா. "மற்றதெல்லாம் மயக்குகிறவற்ற பாடு. நாளைக்கு மூண்டு ஆள் இருக்கு. நேரத்துக்குத் தொடங்கினால் எனக்கு ரெண்டாம் சந்தோசம்."

புதன் காலை சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் போனதும் றாபியாவுக்கு முதலில் பட்டது குளிர்தான். அடுத்தது கமலேஸ்வரி என்ற தாதி. நெடுங்கேணிப் பக்கத்துப் பெண். முகத்தில் பாதிக்கு மேல் துணி கட்டியிருந்தாலும் சிரிக்கிறாள் என்று கண்ணில் தெரிந்தது. றாபியாவின் தலைச்சீலையை எடுக்கச் சொல்லாமல், அதற்கு மேலாலேயே தியேட்டர்த் தொப்பியை இழுத்து விட்டாள்.

"இப்ப சரியோ, தாத்தா?" என்றாள். முஸ்லிம் வீட்டில் மூத்த பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிந்து வைத்திருந்தாள்.

"சரி மிஸ்."

"முன்னால ஒரு பச்சைத் துணி கட்டுவன். உங்களுக்கு ஒண்டும் தெரியாது, ஒருத்தரையும் தெரியாது. என்ர கையை மட்டும் பிடியுங்கோ."

நிரஞ்சன் அவளை மேசையில் இருத்தி, தலையணையைக் கட்டிப்பிடித்துக் குனியச் சொன்னார். பிறகு அவர் விரல் முதுகில் எலும்பு எலும்பாக எண்ணிக்கொண்டு இறங்கியது. வீதியில் வீட்டு நம்பர் தேடுகிறவரைப்போல ஓரிடத்தில் நின்றார், திரும்ப மேலே போனார், மறுபடி எண்ணினார். கழுத்தடியிலிருந்து எண்ணியது சரிதானா என்று கீழேயிருந்து எண்ணிச் சரிபார்த்தார். செய்வதற்கு முன் ஒவ்வொன்றையும் சொன்னார். "இப்ப குளிரும்." குளிர்ந்தது. "இப்ப எறும்பு கடிக்கிற மாதிரி." கடித்தது. "இப்ப அழுத்தும், பயப்படாதீங்க." அழுத்தியது. சொன்னபடியே எல்லாம் நடந்ததில் றாபியாவுக்கு ஒரு விசித்திரமான நிம்மதி. அவள் அறிந்தவரையில் இந்த ஊரில் முன்கூட்டிச் சொன்னபடி நடப்பது சூரிய உதயம் ஒன்றுதான்.

ஆறு ஊசிகள். அரை மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. அவர் நெற்றி வியர்வையைக் கமலேஸ்வரி இரண்டு தடவை ஒற்றி எடுத்தாள். தங்கராசா கதவடியில் வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். இன்னொரு தடவை வந்து, கடிகாரத்தை விட்டுவிட்டு நிரஞ்சனைப் பார்த்துவிட்டுப் போனார். நிரஞ்சன் அவசரப்படவில்லை.

பிறகு அவளைப் படுக்க வைத்தார்கள். பச்சைத் துணி எழுந்தது. மருந்து பிடித்ததா என்று பார்க்க நிரஞ்சன் ஒரு சின்ன ஊசி முனையால் நெஞ்சில் தொட்டார்.

"அம்மா, வலிக்குதா?"

"இல்லை."

"இங்க?"

"இல்லை."

அதுவரைக்கும் உண்மையிலேயே அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சு இன்னொருவருடையதுபோலக் கிடந்தது. ஊசி முனை அக்குளடிக்கு வந்தது. சுள்ளென்றது.

"இங்க வலிக்குதா?"

"இல்லை, டொக்டர்."

நிரஞ்சன் அதே இடத்தில் திரும்பக் குத்தினார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இந்த எடத்தில வலிக்கவேயில்லையா?"

"இல்லவேயில்லை. அல்ஹம்துலில்லாஹ்."

தங்கராசா கையுறையோடு உள்ளே வந்துவிட்டார். கத்தி தட்டிலிருந்து எடுபடும் சின்னச் சத்தம் கேட்டது. அப்போதுதான் கமலேஸ்வரி, "டொக்டர், ஒரு நிமிசம் பொறுங்கோ," என்றாள். கத்தி பிடித்த டொக்டரிடம் அப்படிச் சொல்வது அந்தத் தியேட்டரின் வழக்கமல்ல. அவள் குனிந்து றாபியாவின் காதுக்குக் கிட்ட வந்தாள். அக்குளில் குத்திய இரண்டு தடவையும் றாபியாவின் பிடி தன் விரல்களை நெரித்ததை அவள் கவனித்திருந்தாள்.

"தாத்தா, அந்த இடத்தில குத்தேக்க நோகுதோ?"

"நோகுதுதான் மிஸ். ஊசியால குத்தினா நோகாதோ?"

"அப்ப ஏன் டொக்டருக்கு இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"அவர் நோகுதோ எண்டு கேக்கேல்லையே! வலிக்குதோ எண்டெல்லோ கேட்டவர். எனக்கு வலி ஒருநாளும் வந்ததில்லை. தங்கச்சிக்குத்தான், சொன்னனே."

இந்தப் பக்கத்தில் உடம்பு நொந்தால் அது நோ. வலி என்றால் கை கால் இழுத்து, பல்லுக் கிட்டி, வாயில் நுரை தள்ளுகிற வருத்தம். சினிமாவில் கதாநாயகி நெஞ்சில் கைவைத்து வலிக்குது என்றால் வவுனியாவில் எல்லாருக்கும் விளங்கும், அவளுக்குக் காதல். ஆனால் போன கிழமை தங்கச்சியின் வலியை விசாரித்து எழுதிக்கொண்ட டொக்டர், இன்றைக்கு மேசையில் வைத்து வலிக்குதா என்று கேட்டால், அது குடும்ப வருத்தத்தைப் பற்றிய கேள்வி என்று எடுப்பதில் றாபியாவின் பக்கம் குற்றமெதுவுமில்லை.

தங்கராசாவின் முகமூடி ஒரு தடவை உப்பி அடங்கியது. சிரிப்பா, சினமா என்று துணிக்கு வெளியே தெரியவில்லை.

நிரஞ்சன் சிரிக்கவில்லை. அவருடைய கண்ணில் ஒரு நிமிஷம் பயம் இருந்ததை றாபியா கண்டாள். மரக்காத இடத்தில் கத்தி வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அந்த அறையில் மற்றவர்களைவிட நன்றாக அறிந்தவர் அவர்தான்.

"என் தப்பு," என்றார். முணுமுணுக்கவில்லை, கதவடியில் நின்ற சிற்றூழியருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார். "எங்க ஊர்ப் பேச்சில கேட்டுட்டேன். மிஸ், நல்ல வேள நீங்க நிப்பாட்டினீங்க."

"சரி சரி," என்றார் தங்கராசா. "காஸைக் குடுத்துப் படுக்கவையும். மணி பத்தாகுது."

"அம்மாகிட்ட கேக்கணும் சேர்."

"மேசையில கிடக்கிற ஆளிட்ட என்னத்தைக் கேக்கிறது?"

"முழிச்சிருக்காங்களே சேர். முழிச்சிருக்கிற ஆள்கிட்ட கேக்காம எப்படி?"

இருபத்தைந்து வருடமாகத் தூங்குகிறவர்களையே வெட்டி வந்தவர் தங்கராசா. கையுறைக் கைகளை நெஞ்சுக்கு முன்னால் கட்டிக்கொண்டு, தொழுகைக்கு நிற்கிறவரைப்போல ஒதுங்கி நின்றார்.

நிரஞ்சன் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவள் தலைமாட்டில், முகத்துக்கு நேரே குனிந்து இருந்தார்.

"அம்மா, அக்குள் பக்கம் மருந்து புடிக்கல. அந்த எடத்தையும் வெட்ட வேண்டியிருக்கு. ரெண்டு வழி இருக்கு. இன்னும் ரெண்டு ஊசி போட்டுப் பாக்கலாம். பதினஞ்சு நிமிசம் பொறுக்கணும், புடிக்கலாம், புடிக்காமலும் போகலாம். இல்லாட்டி இப்பவே தூங்க வச்சிரலாம். முட்டு வந்தா நான் பாத்துக்குவேன், அதுக்கு மருந்து எடுத்து வச்சிருக்கேன்."

றாபியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தானாகவே சொன்னார்.

"அந்தச் சென்றிக் கதைய வச்சு முடிவெடுக்காதீங்க. தூங்கினா நோய் திரும்ப வரும்னு யாரும் நிரூபிக்கல. ரெண்டில எது கேட்டாலும் ஒரே கவனத்தோட செய்வேன்."

றாபியாவுக்கு அழுகை வந்தது. வயது மூன்றான பேரப்பிள்ளை றிப்னாஸின் முகம் வந்தது. அவன் பள்ளிக்கூடம் போவதைக் காண வேண்டும், காண வேண்டும் என்று இந்த ஒரு மாதமாக மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஊசியா, தூக்கமா? எதில் அவன் கிட்ட, எதில் அவன் தூரம்? இந்த மனிதருக்கும் தெரியாது. தெரியாத ஒருவரை நம்புவது எப்படி என்று அவளுக்கு ஒரு கணம் திகைப்பாக இருந்தது. பிறகு இந்த அறைக்குள் தெரியாது என்று சொன்னவரும் பிழை விட்டேன் என்று சொன்னவரும் இவர் ஒருவர்தான் என்று தோன்றியது. இவர் தெரியும் என்று சொல்கிற அந்தக் கொஞ்சத்தை நம்பலாம். முட்டுக்கு ஊசி நல்லது என்றவர்; தெரியும் என்றுதான் சொன்னார்.

"ஊசியைப் போடுங்கோ," என்றாள். "நான் பொறுப்பன். அந்தப் பெரிய டொக்டரும் பொறுக்கத்தான் வேணும்."

"பொறுக்கிறன், பொறுக்கிறன்," என்றது பச்சைத் துணிக்கு அப்பாலிருந்து கனத்த குரல். "ஆருக்கு இஞ்ச அவசரம்?"

நிரஞ்சன் ஏற்கெனவே போட்ட மருந்தின் அளவைக் கடதாசியில் கூட்டினார். இன்னும் எவ்வளவு போட்டால் ஆபத்தில்லை என்று கணக்குப் பார்த்து, கமலேஸ்வரியிடம் கொடுத்து அவளையும் பார்க்கச் சொன்னார். பிறகு அவளைத் திரும்ப எழுப்பி இருத்தி, மறுபடி எலும்பை எண்ணி, இரண்டு ஊசியும் போட்டுப் படுக்க வைத்தார். பதினைந்து நிமிஷம் என்றது பதினெட்டு நிமிஷமாகியது. கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று தங்கராசா சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார்.

ஊசி முனை அக்குளடிக்கு வந்தது.

"அம்மா, நோ… நோகுதுங்களா?"

ஹற்றனும் வவுனியாவும் முட்டிமோதி ஒரே சொல்லுக்குள் ஏறியிருந்தன. கமலேஸ்வரியின் தோள் குலுங்கியது.

"நோகேல்லை."

"வலிக்குதா?"

"அதுவுமில்லை."

"குளிருதா? கடிக்குதா? சுள்ளுங்குதா? ஏதாவது?"

"டொக்டர், எனக்கு அந்தக் கையே இல்லாத மாதிரிக் கிடக்கு. இனியும் கேட்டா உண்மையா வலி வந்திடும்."

நிரஞ்சன் கமலேஸ்வரியின் கையைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள், பிடி இறுகவில்லை. அதன்பிறகுதான் தங்கராசாவைப் பார்த்து, "சேர், தொடங்கலாம்" என்றார்.

அடுத்த ஒன்றரை மணித்தியாலம் றாபியா தண்ணீரில் மிதப்பதுபோல அரைத் தூக்கத்தில் கிடந்தாள். இழுப்பது தெரிந்தது, அழுத்துவது தெரிந்தது, நோ இல்லை. இடையில் பேச்சு வந்தது. சைக்கிள் கடையைப் பற்றி, புளியாணம் காய்ச்சுவதைப் பற்றி, ஹற்றனில் குளிருக்கு என்ன உடுப்பீர்கள் என்பதைப் பற்றி. நிரஞ்சன் ஒரு கையை அவள் நாடியில் வைத்தபடி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒரு கட்டத்தில், "அம்மா, கதையைக் கொஞ்சம் குறையுங்கோ, எனக்குக் கை நடுங்குது," என்றார் தங்கராசா. இந்தத் தடவை அவர் சிரிப்பது குரலிலேயே தெரிந்தது.

வெளியே கொண்டுவந்தபோது பக்கீர் ஓடிவந்தார். அவள் கண் திறந்திருப்பதைக் கண்டு பயந்துபோய், "இன்னும் தொடங்கேல்லையோ?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீளமானது, கதைக்கு உதவாதது. கொழும்புக்குப் போய் மருந்து ஏற்றினாள், முடி கொட்டியது, திரும்ப முளைத்தது. அடுத்த வருடம் சித்திரை மாதம் கிளினிக்கில் வைத்து, இப்போதைக்கு எங்கேயும் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னார்கள். அந்தக் கடதாசியோடு அவள் நேரே நிரஞ்சனைத் தேடிப்போனாள். பின்னால் பக்கீர் கப்பல் இன வாழைக்குலை ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார்.

"அந்த ஊசிதான் டொக்டர்!" என்றார் பக்கீர். மன்னார் வீதியில் ஊசிக் கட்சிக்கு இப்போது அவர்தான் தலைவர். "சென்றி நித்திரை கொள்ளேல்லை!"

"அப்படிச் சொல்லாதீங்க," என்றார் நிரஞ்சன். "தங்கராசா சேரோட கத்தியா இருக்கலாம். கொழும்பு மருந்தா இருக்கலாம். ஒரு ஆள வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"அப்ப எத்தினை ஆளை வைச்சுச் சொல்லுறது?" என்று றாபியா கேட்டாள்.

"ஆயிரக்கணக்கில வேணும். வெளிநாட்டில தொடங்கியிருக்காங்களாம். சீட்டுக் குலுக்கின மாதிரிப் பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்குக் காஸு. யாருக்குத் திரும்ப வருது, யாருக்கு வரலன்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க. முடிவு தெரியப் பத்து வருசத்துக்கு மேல ஆகும்."

"என்ர பேரையும் அதில சேக்கேலாதோ?"

"நம்ம ஆஸ்பத்திரி அதில இல்லம்மா."

றாபியா விரல் மடித்து எண்ணினாள். பத்து, பன்னிரண்டு வருஷம். அறுபது வயது. றிப்னாஸுக்குப் பதினாறு.

"முடிவு வந்தா எனக்கு ஆர் சொல்லுவினம்? நீங்கள் மாற்றலாகிப் போயிடுவியள்."

"எழுதுறேன்."

"ஊசியால ஒரு பிரயோசனமுமில்லையெண்டு வந்தாலும் எழுதுவியளோ?"

"அப்படி வந்தா கட்டாயம் எழுதுவேன்," என்றார் நிரஞ்சன். பேனையை எடுத்தார். "விலாசம் சொல்லுங்க."

றாபியா பட்டாணிச்சூர் விலாசத்தைச் சொன்னாள். அது மட்டும் போதாது என்று, புத்தளத்தில் ஷமீலா வீட்டு விலாசத்தையும் சொன்னாள். அங்கும் இல்லாவிட்டால் நீர்கொழும்பில் மகள் றுமானாவின் விலாசம். சண்டை நடக்கிற வவுனியாவில் பன்னிரண்டு வருடத்துக்குச் செல்லுபடியாகிற விலாசம் ஒன்றே ஒன்றாக யாரிடம் இருக்கிறது? நிரஞ்சன் ஒவ்வோர் எழுத்தாக மூன்றையும் எழுதி, வாசித்துக் காட்டிச் சரிபார்த்தார்.

"முதல்ல எதுக்குப் போடட்டும்?"

"மூண்டுக்கும் போடுங்கோ," என்றாள் றாபியா. "ஏதோ ஒண்டில நான் இருப்பன்."

பிறகு அந்த மாதத்துக் குளிசையை எடுக்க மருந்து வரிசைக்குப் போனாள். அவளுக்கு முன்னால் முப்பது பேர் நின்றார்கள்.